5ஜி எப்படி இருக்க வேண்டும் என்று யார் முடிவு செய்தார்கள்?

கேள்வி இது: "4ஜி, 5ஜி என்பதையெல்லாம் யார் தீர்மானிக்கிறார்கள்? ஐ.நா.வா, அரசாங்கங்களா, பெரிய கம்பெனிகளா? ஏதோ ஒரு கம்பெனி கண்டுபிடித்தது எப்படி உலகத்துக்கே பொதுவாகிவிடுகிறது?"

கம்பெனிகளிடம் சம்பளம் வாங்கும் பொறியாளர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். வருடத்தில் பல வாரங்கள் ஏதோ ஓர் ஊரில் ஹோட்டல் அரங்குக்குள் அடைந்து கிடந்து, வரி வரியாகச் சண்டை போட்டுத் தீர்மானிக்கிறார்கள். எது சிறந்த தொழில்நுட்பம் என்று அங்கே யாரும் மதிப்பெண் போடுவதில்லை. இதற்கு மேல் இதை எதிர்க்க யாருக்கும் தெம்பில்லை என்ற நிலைக்கு எது வந்து சேருகிறதோ, அது தரநிலை (standard) ஆகிறது. கேலிக்காகச் சொல்லவில்லை. அந்தக் கூட்டங்களின் ஆவணங்களைப் படித்து, எங்கள் ஆட்களுக்குச் சுருக்கிக் கொடுப்பது சில வருடம் என் வேலையாக இருந்தது. படிக்கப் படிக்க எனக்குப் புரிந்தது, அறைக்குள் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று தெரிந்தால் தரநிலையில் பாதி விளங்கிவிடும் என்பதுதான்.

முதலில் ஐ.நா. விஷயத்தை முடித்துவிடுவோம். ஜெனிவாவில் இருக்கும் ஐடியு, அதாவது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம், ஐ.நா.வின் அமைப்புதான். அது இரண்டு வேலை செய்கிறது. எந்த அலைக்கற்றையை எதற்குப் பயன்படுத்தலாம் என்று மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை உலக மாநாடு கூட்டி நாடுகளை ஒப்புக்கொள்ள வைக்கிறது. அப்புறம், அடுத்த தலைமுறை என்று பெயர் வாங்க என்னென்ன தகுதி வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. 5ஜிக்கு அதன் அதிகாரப்பூர்வப் பெயர் ஐஎம்டி-2020. உச்ச வேகம் நொடிக்கு 20 ஜிகாபிட், ஒரு சதுர கிலோமீட்டரில் பத்து லட்சம் கருவிகள் என்ற எண்களெல்லாம் அங்கிருந்து வந்தவை. கல்யாணத்துக்கு நாள் குறித்து மண்டபம் பிடித்துக் கொடுப்பது ஐடியு. சமையல் வேறு இடத்தில் நடக்கிறது.

அந்த இடத்தின் பெயர் 3ஜிபிபி. 1998 டிசம்பரில் 3ஜிக்காகத் தொடங்கினார்கள். 4ஜி, 5ஜி, இப்போது 6ஜி என்று வேலை ஓடிக்கொண்டே இருக்கிறது, பெயர் மட்டும் 3ஜியிலேயே நின்றுவிட்டது. சட்டப்படி பார்த்தால் இது ஒரு நிறுவனமே கிடையாது. ஐரோப்பாவின் எட்சி, அமெரிக்காவின் ஏடிஐஎஸ், சீனாவின் சிசிஎஸ்ஏ, கொரியாவின் டிடிஏ, ஜப்பானின் இரண்டு அமைப்புகள், 2015இல் சேர்ந்த நம் டிஎஸ்டிஎஸ்ஐ என்று ஏழு தரநிலை அமைப்புகள் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தம் அவ்வளவுதான். செயலகம் பிரான்சின் தென்கோடியில், நீஸ் நகருக்குப் பக்கத்தில் உள்ள சோஃபியா ஆன்டிபோலிஸில் எட்சி வளாகத்தில் இருக்கிறது. ஒரு கம்பெனி இந்த ஏழில் ஏதாவது ஒன்றில் உறுப்பினராகி, அதன் வழியாக 3ஜிபிபிக்குள் வர வேண்டும். பெரிய கம்பெனிகள் சீனக் கிளைக்கு ஒன்று, ஐரோப்பியக் கிளைக்கு ஒன்று என்று பல உறுப்பினர் இடங்களை வைத்திருக்கின்றன. ஓட்டெடுப்பு என்று வந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி ஓட்டு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே மூன்று பெரிய பிரிவுகள். ரேன் என்பது ரேடியோ பக்கம், எஸ்ஏ என்பது சேவையும் கட்டமைப்பும், சிடி என்பது மைய நெட்வொர்க்கும் சிம்மும். இவை மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என வருடத்துக்கு நான்கு முறை பேரவையாகக் கூடும். அவற்றின் கீழே உள்ள பணிக்குழுக்கள்தான் உண்மையான களம். போனும் டவரும் காற்றில் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதைப் பார்க்கும் ரேன்1, அதிலும் பெரிய களம்.

ஒரு ரேன்1 கூட்டத்தைக் கற்பனை செய்து பாருங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள். 5ஜி மும்முரமாக இருந்த காலத்தில் ஒரே கூட்டத்துக்கு இரண்டாயிரம் ஆவணங்களுக்கு மேல் குவியும். ஆவணத்துக்கு அங்கே டிடாக் என்று பெயர். ஒவ்வொன்றிலும் ஒரு கம்பெனி தன் சிமுலேஷன், அதாவது கணினியில் ஒத்திகை பார்த்த முடிவுகளைப் போட்டு, ஆகவே இப்படிச் செய்யலாம் என்று ஒரு முன்மொழிவு வைத்திருக்கும். எல்லோருடைய வரைபடத்திலும் அவரவர் கோடுதான் மேலே இருக்கும். பொய் என்று சொல்ல முடியாது. எந்த அனுமானத்தை எடுத்துக்கொண்டோம் என்பதைப் பொறுத்துக் கோடு மேலேயும் போகும், கீழேயும் போகும்.

இத்தனையையும் முன்வைக்க நேரம் இருக்காது. குழுத் தலைவர் ஒத்த கருத்துகளைத் தொகுத்து ஒரு வரியைத் திரையில் தட்டச்சு செய்வார். "ஆட்சேபம் உண்டா?" என்று கேட்பார். யாராவது மைக்கைப் பிடித்தால் அந்த வரி நின்றுவிடும். "சரி, ஆஃப்லைனில் பேசிவிட்டு வாருங்கள்" என்பார். ஆஃப்லைன் என்றால் காபி இடைவேளையில், வராந்தாவில், ஒரு லேப்டாப்பைச் சுற்றி இருபது பேர் நின்றுகொண்டு ஒரே வாக்கியத்தைத் திருத்துவது. திரும்பி வரும்போது "வே ஃபார்வர்டு" என்ற தலைப்பில் இரண்டு பக்க ஸ்லைடு ஒன்று வரும். அதன் முதல் பக்கத்தில் ஆதரிக்கும் கம்பெனிகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் முதலில் படிப்பது அந்தப் பெயர்களைத்தான். அதற்கு அப்புறம்தான் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பார்கள்.

உடன்பாடு பாதிதான் வந்திருக்கிறது என்றால் அதற்கும் வழி இருக்கிறது. எண்ணைச் சதுர அடைப்புக்குள் போட்டுவிடுவார்கள். "டைமர் மதிப்பு [10] மில்லி நொடி" என்று எழுதியிருந்தால், பத்து என்பது இப்போதைக்கு என்று பொருள். அதைவிடப் பிரபலமானது எஃப்எஃப்எஸ், "மேற்கொண்டு ஆராயப்படும்" என்பதற்கான மூன்று எழுத்துகள். நம்மூர் அலுவலகங்களில் "பரிசீலனையில் உள்ளது" என்று எழுதுவார்களே, ஏறக்குறைய அதேதான். ஆனால் இங்கே அடுத்த கூட்டத்தில் அந்த வரி நிச்சயமாகத் திரும்பி வரும்.

வினைச்சொல்லுக்காகவும் சண்டை நடக்கும். தரநிலையை எழுதிவைக்கும் ஆவணமான விவரக்குறிப்பில் "ஷல்" என்று இருந்தால் கட்டாயம், "ஷுட்" என்றால் பரிந்துரை, "மே" என்றால் விருப்பம். ஒரு "ஷல்" ஒரு "மே" ஆக மாறினால், சிப் தயாரிப்பவர் அந்த வசதியைச் செய்யாமலேயே விட்டுவிடலாம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அற்பமாகத் தெரியும் இந்த மாற்றத்துக்காக ஒரு மாலை முழுக்கப் போவது உண்டு. சண்டை முற்றிவிட்டால் கடைசிப் புகலிடமும் இதுதான். "உன் வசதியும் இருக்கட்டும், என் வசதியும் இருக்கட்டும், இரண்டையும் விருப்பத்தேர்வு ஆக்கிவிடுவோம்." தரநிலை இவ்வளவு குண்டாகிக்கொண்டே போவதற்குக் காரணம் இந்தச் சமாதானங்கள்தான் என்பது என் கணிப்பு. ஒரு 5ஜி போன் டவரில் பதிவாகும்போது எனக்கு இது தெரியும், இது தெரியாது என்று நீளமான பட்டியல் ஒன்றைச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் பல வரிகள் ஏதோ ஒரு கூட்டத்தின் வெள்ளிக்கிழமை மாலையில் பிறந்தவையாக இருக்கும்.

ஓட்டெடுப்பு விதிகளில் இருக்கிறது. பதிவான ஓட்டில் 71 சதவீதம் கிடைக்க வேண்டும். தொழில்நுட்ப விஷயத்தில் அதுவரை போவது அரிது, போனால் குழுவுக்கே அவமானம் மாதிரி பார்ப்பார்கள். ஆனாலும் அந்த 71 எல்லோருடைய தலைக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கும். முப்பது சதவீதம் பேரைத் திரட்ட முடிந்தால் எதையும் தடுத்துவிடலாம் என்பதுதான் அதன் மறுபக்கம்.

இதெல்லாம் உச்சத்துக்குப் போன ஓர் உண்மைச் சம்பவம் உண்டு. 2016 இலையுதிர் காலம். காற்றில் போகும் தகவல் இரைச்சலில் சிதையும். சிதைந்ததைச் சரிசெய்யக் கூடுதல் பிட்டுகளைச் சேர்த்து அனுப்புவார்கள். அந்தச் சேர்க்கையின் சூத்திரம்தான் சேனல் கோடிங். 5ஜிக்கு எந்தக் கோடு (code) என்பதில் மூன்று போட்டியாளர்கள். முதலாவது டர்போ கோடு. பிரான்சின் கிளாட் பெரூவும் அவருடைய சகாக்களும் 1993இல் அறிவித்தது, 3ஜியும் 4ஜியும் அதில்தான் ஓடின. இரண்டாவது எல்டிபிசி. ராபர்ட் காலகர் என்பவர் 1960 வாக்கில் எம்ஐடியில் தன் முனைவர் பட்ட ஆய்வில் முன்வைத்தது. அந்தக் காலத்துக் கணினிகளால் அதைத் தாங்க முடியவில்லை. முப்பது வருடம் தூங்கி, 1990களில் எழுந்தது. மூன்றாவது போலார் கோடு. துருக்கியின் அங்காராவில் உள்ள பில்கெண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் எர்தால் அரிகான் 2000களின் இறுதியில் கண்டுபிடித்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், அரிகான் எம்ஐடியில் முனைவர் பட்டம் பெற்றது அதே காலகரிடம். குருவின் கோடும் சீடரின் கோடும் நேருக்கு நேர்.

போலாருக்குப் பின்னால் சீனாவின் ஹுவாவே நின்றது, அதில் ஏராளமாக ஆய்வு செய்து காப்புரிமையும் வைத்திருந்தது. எல்டிபிசிக்குப் பின்னால் அமெரிக்க சிப் கம்பெனியான குவால்காம், சாம்சங் உள்ளிட்ட கம்பெனிகள். அக்டோபரில் லிஸ்பன் கூட்டத்தில், பெரிய தரவுத் துண்டுகளுக்கு எல்டிபிசி என்று முடிவானது. சின்னத் துண்டுகளும் கட்டுப்பாட்டுத் தகவலும் தள்ளிப்போயின. நவம்பரில் அமெரிக்காவின் ரீனோவில் மறுபடி கூடினார்கள். பேச்சு நள்ளிரவைத் தாண்டிப் போனது. கடைசியில் தரவு முழுக்க எல்டிபிசி, கட்டுப்பாட்டுச் செய்திகளுக்குப் போலார் என்று பாகப்பிரிவினை செய்துகொண்டார்கள். உங்கள் கையில் இருக்கும் 5ஜி போன் யூடியூப் வீடியோவைக் குருவின் கோட்டில் வாங்குகிறது. "இந்த நேரத்தில் இந்த அலைவரிசையைப் பார்" என்று டவர் இடும் உத்தரவைச் சீடரின் கோட்டில் வாங்குகிறது. இது தொழில்நுட்ப முடிவா, அரசியல் முடிவா என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. குறுகிய செய்திக்குப் போலார் நன்றாக வேலை செய்கிறது என்பதும் உண்மை. ஹுவாவேயை வெறுங்கையோடு அனுப்பியிருந்தால் கூட்டம் முடிந்திருக்காது என்பதும் உண்மை.

கதை அத்தோடு முடியவில்லை. ஒன்றரை வருடம் கழித்து, 2018 மே மாதம், இன்னொரு சீனக் கம்பெனியான லெனோவா அந்தக் கூட்டத்தில் ஹுவாவே பக்கம் நிற்கவில்லை என்று சீன இணையத்தில் கொந்தளிப்பு. துரோகி என்று திட்டினார்கள். லெனோவாவின் நிறுவனர் லியு சுவான்ஷியே முன்வந்து, நாங்கள் ரீனோவில் போலாரைத்தான் ஆதரித்தோம் என்று விளக்கக் கடிதம் எழுத வேண்டி வந்தது. பிழைதிருத்தச் சூத்திரம் ஒன்று தேசபக்திப் பிரச்சினையானது எனக்குத் தெரிந்து அந்த ஒரு முறைதான். அதே வருடம் ஜூலையில் ஹுவாவே அரிகானை ஷென்ஜெனுக்கு வரவழைத்து, பெரிய விழா எடுத்துப் பதக்கம் கொடுத்தது.

இவ்வளவு மல்லுக்கட்டு எதற்கு? காசுதான். தரநிலைக்குள் உங்கள் காப்புரிமை புகுந்துவிட்டால், அதைத் தொடாமல் யாரும் போன் செய்ய முடியாது. இதைத் தரநிலைக்கு அத்தியாவசியமான காப்புரிமை என்பார்கள். கொள்ளையடிக்க விடக்கூடாது என்பதற்காக, நியாயமான, பாரபட்சமற்ற விலைக்கு உரிமம் தருவேன் என்று உறுதிகொடுக்கும்படி எட்சி போன்ற அமைப்புகள் கேட்கின்றன. என் காப்புரிமை அத்தியாவசியம் என்று கம்பெனி தானே அறிவித்துக்கொள்ளலாம், உண்மையா என்று எட்சி சோதித்துப் பார்ப்பதில்லை. "நியாயமான விலை" எவ்வளவு என்றும் எங்கும் எழுதியிருக்காது. எரிக்சன் 2017இல் ஒரு 5ஜி போனுக்கு இரண்டரை முதல் ஐந்து டாலர் வரை என்று அறிவித்தது, நோக்கியா 2018இல் அதிகபட்சம் மூன்று யூரோ என்றது. ஒத்துவராவிட்டால் நீதிமன்றம். 2024 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் லாவா நிறுவனம் எரிக்சனுக்கு 244 கோடி ரூபாய் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது இந்த வகை வழக்கில்தான். அந்த 5ஜி போனுக்கு நீங்கள் கொடுக்கும் விலையில் ஒரு சிறு பங்கு, ஏதோ ஒரு ஹோட்டல் அரங்கில் முடிவான ஒரு வரிக்குப் போகிறது.

காப்புரிமையை ஆயுதமாகக் காட்டியதற்கு எளிமையான உதாரணம் வேண்டுமென்றால், போனிலிருந்து சிம்மை வெளியே எடுத்துப் பாருங்கள். நேனோ சிம் 12.3க்கு 8.8 மில்லிமீட்டர். 2012இல் எட்சியின் ஸ்மார்ட் கார்டு குழுவில் ஆப்பிள் ஒரு வடிவத்தையும், நோக்கியா தரப்பு வேறொன்றையும் வைத்தன. தன் வடிவம் தேர்வானால் காப்புரிமைக் கட்டணம் வேண்டாம் என்றது ஆப்பிள். ஆப்பிள் வடிவம் தேர்வானால் தன் காப்புரிமைகளுக்கு உரிமம் தரமாட்டேன் என்றது நோக்கியா. சுண்டுவிரல் நகம் அளவு பிளாஸ்டிக்குக்கு இத்தனை அமர்க்களம். ஒசாகாவில் மே கடைசியில் கூடிய கூட்டத்தில்தான் முடிவு வந்தது.

சரி, இத்தனை கஷ்டப்பட்டு எழுதிய காகிதத்தை உலகம் ஏன் கேட்கிறது? சட்டம் இல்லை. 3ஜிபிபி எழுதியதை யாரும் பின்பற்ற வேண்டியதில்லை. வாங்குபவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் தரநிலைக்கு உயிர் வரும். இதை உலகத்துக்குக் கற்றுக் கொடுத்தது ஜிஎஸ்எம். 1982இல் ஐரோப்பிய அஞ்சல், தொலைபேசித் துறைகளின் கூட்டமைப்பு ஒரு சிறு குழு அமைத்தது. குரூப் ஸ்பெசியால் மொபீல் என்ற பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகள்தான் ஜிஎஸ்எம். ஸ்வீடன்காரர் தாமஸ் ஹோக் தலைவர். 1986இல் பாரிஸில் எட்டு மாதிரிக் கருவிகளை வைத்துச் சோதித்தார்கள். 1987 பிப்ரவரியில் மடேரா தீவில் கூடியபோது பெரும்பாலான நாடுகள் குறுகிய அலைவரிசை முறை வேண்டும் என்றன, பிரான்சும் ஜெர்மனியும் தங்கள் தொழிற்சாலைகள் உருவாக்கிய அகன்ற அலைவரிசை முறைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தன. பொறியாளர்களால் முடிக்க முடியாததை மே மாதம் பான் நகரில் நான்கு நாட்டு அமைச்சர்கள் உட்கார்ந்து முடித்தார்கள். ஆனால் உண்மையான திருப்பம் செப்டம்பர் 7 அன்று கோபன்ஹேகனில் வந்தது. 13 நாடுகளின் தொலைபேசி நிறுவனங்கள், 1991க்குள் இந்த முறையில் சேவை தொடங்குவோம் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. விற்க இடம் உறுதியானதும் தயாரிப்பாளர்கள் தயக்கம் இல்லாமல் பணத்தை இறக்கினார்கள். 1991 ஜூலை 1 அன்று பின்லாந்தில் முதல் அழைப்பு போனது.

எதிர்மாறான கதைகளும் உண்டு. ஜிஎஸ்எம்முக்குப் போட்டியாக இருந்த சிடிஎம்ஏ குடும்பத்துக்கு 3ஜிபிபி2 என்ற தனி அமைப்பு இருந்தது. ரிலையன்ஸ், டாடா போன்களை நம்மூரில் வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும், சிம்மை மாற்றி வேறு போனில் போடுவது என்ற பேச்சே கிடையாது. அந்தக் குடும்பத்தின் பெரிய வாடிக்கையாளரான அமெரிக்காவின் வெரைசன் 2007 நவம்பரில் 4ஜிக்கு 3ஜிபிபியின் தரநிலையான எல்டிஇ பக்கம் போவதாக அறிவித்தது. சரியாக ஒரு வருடத்தில் குவால்காம், தான் வளர்த்துவந்த அடுத்த தலைமுறை சிடிஎம்ஏவைக் கைவிட்டது. எல்டிஇயோடு போட்டியிட்ட இன்னொரு முறையான வைமேக்ஸுக்கும் ஏறக்குறைய அதே கதி. தொழில்நுட்பம் மோசம் என்று யாரும் சொல்லவில்லை. வாங்க ஆள் போய்விட்டது.

வாங்குபவர் அவசரப்பட்டால் தரநிலையே வளையும். 5ஜியின் முதல் பதிப்பான ரிலீஸ் 15ஐ முழுதாக முடிக்கக் காத்திருக்க முடியாது என்று பல நிறுவனங்கள் சேர்ந்து நெருக்கின. 2017 மார்ச்சில் குரோஷியாவின் துப்ரோவ்னிக் நகரில் நடந்த கூட்டத்தில் வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். பழைய 4ஜி மையத்தின் மேல் 5ஜி ரேடியோவை மட்டும் ஏற்றிவைக்கும் பதிப்பு 2017 டிசம்பரிலும், தன் காலில் நிற்கும் முழு 5ஜி 2018 ஜூனிலும் முடிந்தன. இந்தியாவில் 2022 அக்டோபரில் 5ஜி வந்தபோது ஏர்டெல் முதல் வழியிலும் ஜியோ இரண்டாவது வழியிலும் இறங்கின. விளம்பரங்களில் "உண்மையான 5ஜி" என்று காதைக் கிழித்தார்களே, அந்தச் சண்டைக்கு விதை விழுந்தது துப்ரோவ்னிக்கில்.

இனி நம் பக்கம். அறைக்குள் தாமதமாக வந்தவர்கள் என்ன செய்ய முடியும் என்பதற்கு இந்தியா முன்வைத்த 5ஜிஐ நல்ல உதாரணம். சென்னை ஐஐடி, அதன் ஆராய்ச்சிப் பூங்காவில் இயங்கும் கம்பியில்லாத் தொழில்நுட்ப மையமான செவிட், ஹைதராபாத் ஐஐடி ஆகியவை டிஎஸ்டிஎஸ்ஐ வழியாக ஒரு வாதத்தை வைத்தன. ஐரோப்பிய, அமெரிக்கக் கிராமச் சோதனைகளில் ஆட்கள் காரில் 120 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார்கள், நம் கிராமத்தில் பெரும்பாலும் நடக்கிறார்கள், உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் டவர் தூரத்தில் இருக்கிறது. ஆகவே டவர்களுக்கிடையே 6 கிலோமீட்டர், வேகம் குறைவு என்ற சூழலையும் ஐடியுவின் தகுதித் தேர்வில் சேர்க்க வேண்டும். 2017இல் ஐடியு இதை ஏற்றுக்கொண்டது. இதைச் சின்ன வெற்றி என்று நான் நினைக்கவில்லை. தேர்வுத்தாளில் ஒரு கேள்வியையே சேர்த்துவிட்டார்கள். அந்தக் கேள்விக்கு இவர்கள் வைத்திருந்த பதில், போன் அனுப்பும் அலையின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் ஒரு பண்பேற்ற முறை, அதாவது தகவலை அலையில் ஏற்றும் முறை. உச்சங்கள் தட்டையாக இருந்தால், அதே பேட்டரி, அதே ஆம்ப்ளிஃபயரில் போன் இன்னும் பலமாகக் கத்த முடியும், தூரத்து டவருக்குக் கேட்கும்.

சிக்கல் அடுத்த கட்டத்தில் வந்தது. இதைத் தனித் தரநிலையாக 5ஜிஐ என்ற பெயரில் ஐடியுவில் பதிவு செய்தார்கள், 2021இல் அங்கீகாரமும் கிடைத்தது. இந்தியத் தொலைபேசி நிறுவனங்கள் அதை வரவேற்கவில்லை. உலகத்துக்கு ஒரு சிப், இந்தியாவுக்கு ஒரு சிப் என்றால் போன் விலை என்ன ஆகும் என்பது அவர்கள் கவலை. கோபன்ஹேகன் கையெழுத்தை நினைத்துப் பாருங்கள், இங்கே வாங்குபவர் பேனாவை எடுக்கவே இல்லை. கடைசியில் 2021 டிசம்பரில் 5ஜிஐயின் அம்சங்களை 3ஜிபிபியின் ரிலீஸ் 17க்குள் இணைத்துவிடுவது என்று சமரசம் ஆனது. தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் தனிப் பெயர் வைத்தது வீண் சுற்று என்பது என் அபிப்பிராயம். அந்த நான்கு வருடமும் ரேன்1 அறைக்குள் இன்னும் இருபது பேரை உட்கார வைத்திருந்தால் அதிகம் கிடைத்திருக்கும்.

அறைக்குள் நம் ஆள் யாருமே இல்லாதபோது என்ன நடக்கும் என்பதை நம்மில் ஒவ்வொருவரும் கையால் தொட்டிருக்கிறோம். எஸ்எம்எஸ். 1985 வாக்கில் ஜிஎஸ்எம் குழுவில் ஜெர்மனியின் ஃபிரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் உள்ளிட்டவர்கள் அதன் அளவை முடிவு செய்தார்கள். போனும் நெட்வொர்க்கும் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் சிக்னலிங் செய்திக்குள் கிடைத்த காலி இடம் 140 பைட். ஓர் எழுத்துக்கு 7 பிட் என்று வைத்தால் 160 எழுத்து. அந்த 7 பிட் அட்டவணையில் ஆங்கிலம், ஐரோப்பியச் சிறப்பெழுத்துகள், சில கிரேக்கப் பெரிய எழுத்துகள்கூட உண்டு. தமிழ் கிடையாது. தமிழில் ஓர் எழுத்து தட்டினாலும் மொத்தச் செய்தியும் 16 பிட் முறைக்கு மாறிவிடும், 160 சட்டென்று 70 ஆகிவிடும். அதிலும் புள்ளிக்குத் தனி இடம், துணைக்கால் கொம்புக்குத் தனி இடம். "வணக்கம்" நமக்கு ஐந்து எழுத்து, எஸ்எம்எஸ்ஸுக்கு ஏழு. செய்திக்கு இவ்வளவு காசு என்று இருந்த நாட்களில், தமிழில் நாலு வரி எழுதினால் இரண்டு செய்திக்குக் காசு போகும். நம்மவர்கள் "enna" என்பதை ஆங்கில எழுத்திலேயே தட்டிப் பழகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பின்னாளில் இது சரிசெய்யப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. இந்திய மொழிகளுக்கான 7 பிட் அட்டவணைகளை 3ஜிபிபி எஸ்எம்எஸ் எழுத்துகளுக்கான விவரக்குறிப்பில் சேர்த்தது. மொழிப் பட்டியலில் தமிழுக்கு எண் 11. அதைப் பயன்படுத்தினால் ஒரு செய்தியில் 155 இடம் கிடைக்கும். ஆனால் அனுப்பும் போன், பெறும் போன் இரண்டுக்கும் அந்த அட்டவணை தெரிந்திருக்க வேண்டும். அதற்குள் கோடிக்கணக்கான போன்கள் கைகளில் இருந்தன, அப்புறம் வாட்ஸ்அப் வந்துவிட்டது. நடைமுறையில் தமிழுக்கு இன்னும் பெரும்பாலும் 70தான்.

ஒரு தனி மனிதர் இதில் கலந்துகொள்ள முடியுமா என்று அடுத்து கேட்பீர்கள். உறுப்பினர் நிறுவனம் எதிலாவது இருந்தால் முடியும், தனியாளாக முடியாது. படிப்பதற்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை. 3ஜிபிபியின் விவரக்குறிப்புகளும், அந்த டிடாக்குகளும், கூட்டக் குறிப்புகளும் காசில்லாமல் யாரும் இறக்கிக்கொள்ளும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. முதலில் விவரக்குறிப்பைத் திறக்காதீர்கள், தூக்கம் வரும். ரேன்1 தலைவரின் கூட்டக் குறிப்பை எடுங்கள். முடிவானவற்றுக்குத் தலைப்பு பச்சையில் இருக்கும், தற்காலிக முடிவுகளுக்கு மங்கிய மஞ்சளில். இப்போது ரிலீஸ் 20இல் 6ஜிக்கான ஆய்வு நடக்கிறது, முதல் விவரக்குறிப்பு ரிலீஸ் 21இல் வர வேண்டும். பச்சை வரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதற்குக் கீழே எத்தனை எஃப்எஃப்எஸ் தொங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த கூட்டத்தின் குறிப்பில் அவற்றில் எது காணாமல் போனது, யார் பெயர் போட்ட ஸ்லைடு அதற்கு முன்னால் வந்தது என்று தேடினால் பிடித்துவிடலாம்.